தலைவர் திருச்சியில் இறங்கிய நாள்

எங்கள் மதுரை விமான நிலையத்தில் விமானம் ஏறுகிறவர்களைவிட, ஏறுகிறவருக்குச் சால்வை போட வந்தவர்களே எப்போதும் அதிகம். என் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அங்கே டவரில் கழித்தவன் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்வேன். டவர் என்பது நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த உயரமான அறை. அங்கே உட்கார்ந்து விமானிகளிடம் ரேடியோவில் பேசி, இறங்கலாம், கிளம்பலாம், பொறுங்கள் என்று சொல்வது என் வேலை. என் சொந்தக்காரர்களுக்கு இது கடைசிவரை புரியவில்லை. "பிளேனுக்குக் கொடி காட்டுறாரு" என்றுதான் கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துவார்கள்.

அது வெள்ளைக்காரன் தன் சண்டைக்காக அவசரமாகப் போட்டுக்கொண்ட ஓடுதளம். சண்டை முடிந்ததும் அவன் போய்விட்டான். எதற்கென்றே தெரியாத பெருமை மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய கட்டடத்தின் முகப்பில் தொப்பியும் மீசையுமாக ஒரு வெள்ளைக்காரரின் படம் தொங்கியது. அவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் யாருக்கும் மனம் வராது. ஓர் அதிகாரி அவரைப் படைத்தளபதி என்பார். அடுத்து வந்தவர் ஓடுதளத்தைப் போட்ட இன்ஜினியர் என்பார். ஆயுத பூஜை அன்று டிராலிகளுக்குச் சந்தனம் தடவிய கையோடு அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்து மாலை போட்டுவிட்டோம். புதுக் கட்டடம் வந்தபோது அந்தப் படம் உடைந்த நாற்காலிகளோடு எங்கோ போனது. தேடியவர் யாரும் இல்லை.

புதுக் கட்டடத்தில் எல்லாம் கண்ணாடி. பளபளப்பான தரையில் ஊர்ப் பெரிய மனிதர்கள் வழுக்காமல் நடக்கப் பழகினார்கள். எங்கள் ஆட்களுக்கு விமானத்தின் மேல் ஆசை கிடையாது, விமான நிலையத்தின் மேல்தான் ஆசை. காரை வாசலிலேயே நிறுத்த வேண்டும். சோதனையில் நிற்கும் காவலர் தன்னை மட்டும் தடவிப் பார்க்காமல் விட வேண்டும். அதை நாலு பேர் பார்க்க வேண்டும். இதற்காகவே டிக்கெட் எடுத்தவர்களை நான் அறிவேன்.

அப்படி ஆசைப்பட்டவர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர். தங்கையைத் திருப்பரங்குன்றத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு நிலம் வாங்கி விற்கிற தொழில். "விமான நிலையத்துக்கு மிக அருகில்" என்று நோட்டீஸ் அடிப்பார். அந்த மனைகளில் நின்று பார்த்தால் கருவேல மரங்கள் தெரியும், விமானம் தெரியாது. தொழிலுக்குத் துணையாகக் கட்சியிலும் ஒரு பதவி வைத்திருந்தார். மாவட்டத் துணை, இணை என்று இரண்டு மூன்று சொற்கள் முன்னால் வரும் பதவி. என்ன வேலை என்று கேட்டால் அவருக்கே கோபம் வரும்.

அந்தக் கட்சியின் தலைவர் சென்னையிலிருந்து பிற்பகல் விமானத்தில் வந்து மதுரையில் பேசுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் தங்கையும் கோச்சடையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஆப்பிள் இருந்தது. அவர் ஆப்பிளோடு வந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

"மச்சான், ஒரு சின்ன ஒத்தாசை பண்ணணும்."

"சொல்லுங்க மாப்ள."

"தலைவரு பிளேன் எறங்குறதுக்கு முன்னாடி ரெண்டு சுத்து சுத்திட்டு வரச் சொல்லணும். கீழ நம்ம பலூன் நிக்கும். மேல இருந்து பாத்தார்னா அசந்துருவாரு."

"என்ன பலூன்?"

"தலைவர் மூஞ்சி போட்ட பலூன், மச்சான். கேஸ் அடைச்சது. ஒரு வீடு அம்புட்டுப் பெருசு. அதுக்குக் கீழ ஒரு பேனர் தொங்கும். சுத்திச் சின்னப் பலூனா வலையில கட்டி வச்சு, அவரு வர்றப்ப அவுத்து விடுறோம்."

எங்கே என்று கேட்டேன். ஓடுதளத்தின் மேற்கு முனைக்கு அப்பால், சுற்றுச்சுவருக்கு வெளியே, அவர் விற்றுக்கொண்டிருந்த மனையில். எனக்குக் காபி கசந்தது. விமானம் இறங்குகிற இடத்தின் பக்கத்தில் எதையும் பறக்கவிடக் கூடாது, ஒரு துண்டுத் துணி இன்ஜினுக்குள் போனாலே ஆபத்து என்று என்னால் முடிந்த எளிய தமிழில் சொன்னேன்.

"காம்பவுண்டுக்கு வெளியதான மச்சான்? அது எங்க எடம்."

"எடம் உங்களது மாப்ள. அதுக்கு மேல இருக்கற ஆகாசம் உங்களது இல்ல."

அவர் ஆப்பிளைப் பார்த்தார். தங்கைதான் சொன்னாள். "அடுத்தவுக எல்லாம் சொந்தக்காரன் ஆபீசரா இருந்தா என்னென்னமோ சாதிக்கிறாக. எங்க அண்ணன் சட்டம் பேசுது."

மறுநாள் என் மேலதிகாரியிடம் சொன்னேன். யாரிடமும் முடியாது என்று சொல்லாமலே ஓய்வுபெறும் வயதுக்கு வந்துவிட்டவர் அவர். "பலூன்தானே சார்? என் பேத்தி பிறந்தநாளுக்குக்கூடக் கட்டினோம்" என்றார். நான் விளக்கியதும், போலீசில் சொல்லிவிடுகிறேன் என்றார். சொன்னாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தலைவரை வரவேற்கும் வரிசையில் அவரும் நிற்பதாக இருந்தது, அதற்கு ஒரு சால்வை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்திருந்தார் என்பது மட்டும் தெரியும்.

அன்றைக்கு மேல்காற்று பலமாக இருந்தது. அந்த மாதங்களில் எங்கள் சமவெளியில் காற்று மேற்கே இருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் டவரில் ஏறியபோது பலூன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒரு வீட்டின் அளவு. தலைவர் இரண்டு கைகளையும் கூப்பியபடி காற்றில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தார். கீழே மேளம், லாரியில் வந்த கூட்டம், பச்சையும் மஞ்சளுமாகப் பலூன்கள் திமிறும் வலைகள். காற்று அங்கிருந்து நேராக ஓடுதளத்தின் மேல் வீசியது.

டவரில் செல்போனுக்கு அனுமதி இல்லை. கம்பி போனில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, அதை உடனே எறக்குங்க."

"மச்சான்! டவர்ல இருந்து நல்லாத் தெரியுதா?"

"தெரியுது. எறக்குங்க. பிளேன் வந்துக்கிட்டு இருக்கு."

"தலைவரு ஒருக்கா பாத்துக்கிரட்டும் மச்சான். பாத்ததும் எறக்கிப்புடுறேன்."

மேளச் சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. போலீசுக்கும், எங்கள் காவல் ஆட்களுக்கும் பேசினேன். அவர்கள் ஜீப்பை எடுப்பதற்குள் அது நடந்துவிட்டது. யாரோ ஆர்வம் தாங்காமல் சரவெடியைக் கொளுத்தினார்கள். வலையைப் பிடித்திருந்தவர்கள் அதைத் தலைவர் வந்துவிட்ட அறிகுறி என்று நினைத்து அவிழ்த்துவிட்டார்கள். சின்னப் பலூன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பெரிய பலூனின் கயிற்றில் மோதிச் சிக்கின. கயிறு அறுந்தது.

தலைவர் எங்களை நோக்கி வந்தார். பேனர் சுற்றுச்சுவரின் முள்கம்பியில் மாட்டிக் கிழிந்து, பாதி கம்பியில் நின்றது, மீதிப் பாதி ஓடுதளத்தின் நடுவில் போய் விழுந்து படபடத்தது. பாரம் குறைந்த பலூன் உயர்ந்து டவரின் கண்ணாடிக்கு நேரே வந்தது. அவ்வளவு பெரிய மூக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கூப்பிய கைகளோடு மெதுவாகத் திரும்பி, எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டியபடி கிழக்கே போனது. விமானம் இறங்க வர வேண்டிய திசையும் அதுதான்.

ஓடுதளத்தை மூடினேன். விமானத்துக்குச் சொன்னேன். அதை ஓட்டி வந்தவர் ஒரு பெண் கேப்டன். முகம் தெரியாது, குரல் பல வருடப் பழக்கம். என்ன தடை என்று கேட்டார். பலூன்கள், ஒரு துணி என்றேன். எத்தனை பலூன் என்றார். எண்ண முடியாது என்றேன். பிறகு, "யாருக்காவது பிறந்தநாளா?" என்றார்.

"இல்லை, உங்கள் பயணிகளில் ஒருவருக்கு வரவேற்பு."

அவர் சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு காத்திருப்பதாகச் சொன்னார். ஆக, மாப்பிள்ளை ஆசைப்பட்ட சுற்று கிடைத்துவிட்டது. ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து கீழே ஒரு மயிரும் தெரியாது.

துணியை எடுக்க எங்கள் ஜீப் ஓடியது. அதற்குள் கட்சிக்காரர்கள் சுவரேறிக் குதித்துவிட்டார்கள். தலைவர் முகம் அச்சடித்த துணி தரையில் கிடக்கக் கூடாதாம், ஜீப் சக்கரம் அதன்மேல் ஏறிவிடக் கூடாதாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுதளத்தின் நடுவே அவர்கள் ஓட, துப்பாக்கியோடு காவலர்கள் அவர்கள் பின்னால் ஓட, இடையில் நாலைந்து மயில்கள் திசை தெரியாமல் ஓடின. அந்த மயில்கள்தான் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொண்டன. சத்தம் கேட்டதும் புதருக்குள் போய்விட்டன.

மேலதிகாரி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். மடித்த சால்வை அவர் தோளிலேயே கிடந்தது.

"எறங்கச் சொல்லிருங்க சார். துணிதானே."

"அது இன்ஜினுக்குள்ள போச்சுன்னா?"

"போகாது சார்."

"அப்ப எழுதிக் குடுங்க. எறக்குறேன்."

அவர் என்னைப் பார்த்தார், ஓடுதளத்தைப் பார்த்தார், பிறகு படியிறங்கிப் போய்விட்டார். எதையும் எழுதவில்லை. இன்னும் சற்று நேரத்தில் கேப்டனே பேசினார். இனிமேல் காத்திருக்க எரிபொருள் போதாது, திருச்சிக்குப் போகிறேன் என்றார். சரி என்றேன். அந்த நேரத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே எத்தனை உயிர்கள் என்று அதுவரை நினைக்காமல் வேலை பார்த்தவன், அப்போதுதான் நினைத்தேன்.

தலைவர் திருச்சிக்குப் போய்விட்டார் என்ற செய்தி வாசலுக்குப் போனதும் கூட்டம் கொதித்தது. எதிர்க்கட்சியின் சதி என்றார்கள். கயிற்றை அறுத்தது யார் என்று விசாரணை வேண்டும் என்று கோஷம் போட்டார்கள். முன்னால் நின்று கோஷத்தை எடுத்துக் கொடுத்தவர் என் மாப்பிள்ளை. மேளக்காரர்களிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு விசாரணை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது போஸ்டர். எங்கள் ஊரில் எந்த விஷயமும் சுவரில் ஒட்டிய பிறகுதான் உண்மையாகும். "பயணிகளின் உயிர் காக்கத் தன் வரவேற்பையே தியாகம் செய்து, விமானத்தைத் திருச்சிக்குத் திருப்பிய தியாகச் செம்மலே!" படத்தில் தலைவர் விமானியின் தொப்பி போட்டிருந்தார். காலடியில் கூலிங்கிளாசும் காதில் போனுமாக மாப்பிள்ளை. பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம்வரை பாலத்துக்குப் பாலம் அதுதான். என் மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை சார், நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்று நிம்மதியடைந்தார். மாப்பிள்ளையின் பதவிக்கு முன்னால் இருந்த சொற்களில் ஒன்று குறைந்தது. கட்சியில் அதற்குப் பெயர் உயர்வு.

சில வாரங்களில் எனக்கு மாறுதல் வந்தது. வடகிழக்கில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன விமானத்தளம். வழக்கமான மாறுதல்தான் என்றார்கள். இருக்கலாம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நாற்பது வயது இருக்கும், மொட்டையடித்த தலையில் முடி லேசாக முளைத்திருந்தது. சென்னையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். சொந்த ஊர் சோழவந்தான், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடும்பம். வாசலுக்கு வெளியே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"அண்ணே, நான் சண்டைக்கு வரல. அன்னைக்கு அந்தப் பிளேன்ல நானும் வந்தேன். என்ன நடந்துச்சுன்னு தெரியணும். அவ்வளவுதான்."

அவருடைய அப்பா அன்று காலையில் இறந்திருக்கிறார். மூத்த மகன் வந்துவிடட்டும் என்று உடலை எடுக்காமல் வைத்திருந்தார்கள். திருச்சியில் இறக்கி அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். மேலூர் தாண்டுவதற்குள் தலைவரின் கார்களுக்கு வழிநெடுக வரவேற்பு. அந்த ஊர்வலத்தின் பின்னால் பஸ் நகரவே இல்லை. இருட்டுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். இவர் போய்ச் சேர்ந்தபோது, கொள்ளி வைத்த தம்பி ஈர வேட்டியோடு வாசலில் நின்றிருக்கிறான்.

நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். பலூன், கயிறு, துணி, அதை ஏற்பாடு செய்தவர் என் தங்கை கணவர் என்பது உட்பட.

"பிளேன்ல அந்தத் தலைவரு என்ன பண்ணாருன்னு தெரியுமாண்ணே?" என்றார் அவர். "நான் ரெண்டு வரிசை தள்ளி இருந்தேன். திருச்சிக்குப் போகுதுன்னு சொன்னதும் அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணைக் கூப்பிட்டு, 'நான் யாருன்னு தெரியுமா, கேப்டனை வரச் சொல்லு'ன்னு கத்துனாரு. அது 'உக்காருங்க சார், பெல்ட்டைப் போடுங்க'ன்னுச்சு. அப்புறம் தூங்கிட்டாரு."

அந்தப் போஸ்டரை நினைத்தேன். எனக்கு வந்த கோபத்தில், "வாங்க, எங்க மாப்ள வீட்டுக்கே போவோம்" என்று அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திருப்பரங்குன்றம் போனேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் இருந்தார். வாக்காளர் யாரோ என்று நினைத்து எழுந்து கும்பிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். வந்தவரும் சுருக்கமாகச் சொன்னார். மாப்பிள்ளை முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். வைத்துக்கொண்டார்.

"அப்பாவுக்கு என்ன வயசுண்ணே?"

"எண்பதுக்குக் கிட்ட."

"அப்பறம் என்னண்ணே, கல்யாணச் சாவுதான? பேரன் பேத்தி எல்லாம் எடுத்துட்டாருல்ல?" என்றவர், சட்டைப் பையிலிருந்து தன் படம் போட்ட கார்டை எடுத்து அவர் கையில் வைத்தார். "தலைவருகிட்டச் சொல்லி ஒரு இரங்கல் செய்தி வாங்கித் தாரேன். சோழவந்தான்ல போஸ்டரே அடிச்சிருவோம். அப்பா போட்டோ ஒண்ணு வாட்ஸ்அப்ல அனுப்புங்க."

வந்தவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. இந்த மனிதரை எதற்காக இங்கே கூட்டி வந்தேன்?

தங்கை காபியோடு உள்ளிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. விருந்தாளிக்கு ஒரு டம்ளர், எனக்கு ஒரு டம்ளர். தட்டில் மூன்றாவது இல்லை. கணவரைப் பார்க்காமலே, "நீங்க செத்த நேரம் பேசாம இருங்க" என்றாள். பிறகு அந்த ஆசிரியர் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"அம்மா இருக்காகளா?"

"இருக்காங்கம்மா."

"சாப்புடுறாகளா?"

அதுவரை கணக்குச் சொல்வதுபோல் பேசிக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதார். பள்ளிக்கூட வாத்தியார், நாற்பது வயது ஆள், முன்பின் தெரியாத வீட்டில் தோள் குலுங்க அழுதார். தங்கை எழுந்திருக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை, அவர் முடிக்கும்வரை அப்படியே இருந்தாள். மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். மேலே அவர் சிரித்துப் பேசுவது கீழே நன்றாகக் கேட்டது.

ஆசிரியரைப் பேருந்து நிலையத்தில் விட்டேன். கார்டை அவர் எங்கே போட்டார் என்று நான் பார்க்கவில்லை. "உங்க தங்கச்சி நல்லவங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார். அவளைப் பற்றி நானே அப்படி நினைத்துப் பல வருடம் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் நான் மலைக்குப் போனேன். வழியனுப்பு விழாவில் மேலதிகாரி எனக்கு ஒரு சால்வை போட்டார். தலைவருக்காக வாங்கிய அதே சால்வைதான், மடிப்புகூட மாறவில்லை. போன இடம் கடுங்குளிர், அதனால் அது உபயோகப்பட்டது. அங்கே மேகம் இறங்கினால் நாள் முழுக்க விமானம் கிடையாது. யாரும் யாரையும் வரவேற்க வரமாட்டார்கள். இரண்டு வருடம் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒரு நாள் சோழவந்தான்காரர் டவரின் கம்பி போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒட்டிட்டாங்க."

"என்னது?"

"போஸ்டர். அப்பாவுக்கு வருசத் திதி வந்துச்சுல்ல. நான் போட்டோ அனுப்பவே இல்லண்ணே, எங்க இருந்து புடிச்சாங்கன்னு தெரியல. உங்க தலைவரு மூஞ்சி இம்புட்டுப் பெருசா, எங்கப்பா ஓரத்துல தபால்தலை சைசுல. பேரையும் தப்பாப் போட்டுருக்காங்க."

"கிழிச்சீங்களா?"

"தம்பி அருவாளைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டான். அம்மாதான், 'விடுறா, பசை நல்லாக் காய்ச்சியிருக்கு, மாடு பாத்துக்கிரும்'னு சொல்லுச்சு."

"பாத்துக்கிருச்சா?"

"மத்தியானத்துக்குள்ளண்ணே. மூஞ்சியில இருந்துதான் ஆரம்பிச்சுச்சு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். சாப்பிடுகிறார்கள், கொடிக்காலுக்குப் போய்வருகிறார்கள் என்றார். வெளியே மேகம் விலக ஆரம்பித்திருந்தது. ஒரு விமானம் வருவதாக ரேடியோவில் குரல் கேட்டது. பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.